வங்காளத்து நடவு ஆட்களிடம் வேலை வாங்குவது எப்படி? ஒரு வார்த்தை புரியவில்லை

கடைமடை:
திருத்துறைப்பூண்டி பக்கம் எட்டு ஏக்கர், சம்பா, சி.ஆர். 1009 நெல். நாற்றுக்கு 31 நாள் ஆகிவிட்டது. உள்ளூரில் நடவுக்கு ஆள் தேடி அலுத்துப்போய் இந்த வருடம் முதல் தடவையாக மேற்கு வங்காளத்து ஆட்களை ஒரு ஏஜெண்ட் மூலமாக இறக்கினேன். பதினெட்டு பேர், எல்லாரும் ஆம்பிளைகள். ஏக்கருக்கு 5,000, நாற்றுப் பறிப்பும் அதிலேயே. ஏஜெண்ட் வேறு ஊர்க்காரர், போனில்தான் வருவார், பேச்சு பேரம் எல்லாம் அவரோடுதான்.

முதல் நாள் நாலு ஏக்கரை முடித்துவிட்டார்கள். வரப்பில் நின்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலம் ஏஜெண்ட் வந்து 20,000 வாங்கிக்கொண்டு அவர்களோடு ஏதோ பேசிவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து ஆளே மாறிவிட்டார்கள். நாற்றங்காலில் இறங்குகிறார்கள், நாலு நாற்று முடி கட்டுகிறார்கள், வரப்பில் உட்கார்ந்து பீடி பிடிக்கிறார்கள். நட்ட அரை ஏக்கரும் உருப்படியாக இல்லை. ஒரு குத்துக்கும், அதாவது ஒரே இடத்தில் சேர்த்து நட்ட நாற்றுக்கும், அடுத்த குத்துக்கும் நடுவில் நன்றாக விரித்த ஒரு சாண். ஒரு மீட்டர் சதுரத்துக்குக் குச்சி நட்டு எண்ணிப் பார்த்தேன், 33 குத்து வர வேண்டிய இடத்தில் 21தான் இருக்கிறது. கத்தினேன். சிரிக்கிறார்கள்.

போனில் மொழிபெயர்ப்பு ஆப் போட்டு 'நாத்து பறிங்க, நாத்து பறிக்கணும்' என்று சொல்லி வங்காளத்தில் ஓட விட்டேன். அதில் 'கால் கால்' என்று என்னமோ வந்தது, நான் காலைப் பற்றி ஒன்றும் சொல்லவே இல்லை. அதைக் கேட்டதும் அவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு சந்தோஷமாகக் கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார்கள். ஒரு பையன் மட்டும் என் முன்னால் நின்று திரும்பத் திரும்ப 'டாக்கா, டாக்கா' என்கிறான். பக்கத்து வயல்காரர், இவனுங்க பங்களாதேஷ்காரனுங்க, ஸ்டேஷனில் சொல்லிவிடு என்கிறார்.

மழை பிடிக்கிறதுக்குள் மூன்றரை ஏக்கரை முடித்தாக வேண்டும். மொழி தெரியாத ஆட்களிடம் வேலை வாங்கிப் பழக்கம் உள்ளவர்கள் சொல்லுங்கள். கூடுதலாகப் பணம் கொடுப்பதா, பிரியாணி போடுவதா, மிரட்டுவதா, என்ன செய்தால் நகருவார்கள்?

முன்னாள் ஹவில்தார்:
இதற்குத்தான் இந்தி கற்றுக்கொள்ளுங்கள் என்று தலையில் அடித்துக்கொள்கிறோம். பட்டாளத்தில் மூன்று மாதத்தில் நான் கற்றுக்கொண்டேன். நாலு வார்த்தை இந்தியில் அதட்டினால் வேலை நடக்கும்.

முட்டைக்காரர்:
ஹவில்தார் சார் கோபிக்கக் கூடாது, இந்தி எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்து நான் ஏழு மாதம் முட்டாள் ஆனேன். நாமக்கல்லில் லேயர், அதாவது முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறேன். ஒன்பது குடும்பம் பண்ணையிலேயே தங்கி வேலை செய்கிறது, ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட். அதில் ஒரு ஜார்க்கண்ட் ஜோடிக்கு நான் கஷ்டப்பட்டுக் கற்ற இந்தியில் எல்லாம் சொல்வேன். இரண்டு பேரும் தலையாட்டுவார்கள். நானும் பெருமையாகப் போய்விடுவேன். ஒருநாள் அந்தப் பையன் போனில் ஏதோ படித்துக்கொண்டிருந்தான், எட்டிப் பார்த்தால் எழுத்து இந்தியும் இல்லை, வங்காளமும் இல்லை. விசாரித்தால் சந்தாலி. அதற்கென்று தனி எழுத்து, ஓல் சிக்கி, 1925ல் ரகுநாத் முர்மு என்பவர் உருவாக்கியதாம். அந்தப் பெண்ணுக்கு இந்தி என்னைவிடக் குறைவு. ஏழு மாதமும் அவர்கள் தலையாட்டியது புரிந்ததற்கு இல்லை, நான் சீக்கிரம் பேசி முடித்துப் போகட்டும் என்பதற்கு.

அப்புறம்தான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். 'புரிஞ்சுதா' என்று யாரையும் கேட்பதில்லை. அதற்கு உலகத்தில் எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். சொன்னதைச் செய்து காட்டு என்று கை காட்டுவேன், காட்டினால் அடுத்த வேலை.

எனக்குப் பட்டு வந்த புத்தி இது. தண்ணீரில் கலக்கும் மருந்தை மூன்றாம் ஷெட் தொட்டியில் ஊற்றச் சொன்னால் ஐந்தாம் ஷெட்டில் ஊற்றிவிட்டான் ஒருத்தன். தப்பு அவன் மேல் இல்லை, மூன்று என்று நான் காட்டிய விரல் எங்கள் ஊர் மூன்று, கட்டைவிரலைச் சேர்த்துக் காட்டினேனா சேர்க்காமல் காட்டினேனா என்று எனக்கே நினைவில்லை. மறுநாள் பெயிண்ட் டப்பா வாங்கி வந்து தொட்டிக்கு ஒரு நிறம், அதே நிறத்தில் ஷெட் கதவில் ஒரு பட்டை, மருந்துக் குவளையில் அளவுக்கு ஒரு கோடு. சிவப்புக் குவளை சிவப்புத் தொட்டிக்கு. அதற்கப்புறம் வாயே திறக்க வேண்டியதில்லை. பூச்சிமருந்து டப்பாவிலும் இதே யோசனைதான் இருக்கிறது பாருங்கள், சிவப்பு முக்கோணம் கடும் விஷம், அப்புறம் மஞ்சள், நீலம், பச்சை. லேபிளில் பொடி எழுத்தில் இருப்பதைத் தமிழ் தெரிந்தவனே படிப்பதில்லை.

கடைமடை, உங்கள் வயலுக்குப் பெயிண்ட் அடிக்க முடியாது. ஆனால் கயிறு கட்டலாம். இருபது சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு போட்ட கயிற்றை இரண்டு வரப்புக்கும் இழுத்துக் கட்டி, முதல் வரிசையை நீங்களே இறங்கி நட்டுக் காட்டுங்கள்.

மஞ்சள் காடு:
கயிறு, பெயிண்ட் எல்லாம் சரி. அடிப்படை ஒன்று சொல்கிறேன். வந்த அன்றே ஆதார் அட்டையை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட வேண்டும், கூலியில் கால் பங்கு நிறுத்தி வைக்க வேண்டும். அப்போது மொழி தானாகப் புரியும். ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் வெட்டுக்கு வந்தவர்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாகப் போய் நான் 40,000 இழந்திருக்கிறேன். பட்டவனுக்குத்தான் தெரியும்.

நடவுக்காரி மகள்:
மஞ்சள் காடு அவர்களே, இன்னொருத்தர் அடையாள அட்டையைப் பூட்டி வைப்பதற்கு வேலை வாங்குவது என்று பெயர் இல்லை. இதற்கு மேல் உங்களிடம் சொல்ல ஒன்றும் இல்லை.

கடைமடைக்கு ஒரு கேள்வி. உங்கள் மொழி தெரிந்த நடவுப் பெண்களிடம் இதுவரை எவ்வளவு நன்றாகப் பேசியிருக்கிறீர்கள்? என் அம்மா முப்பது வருடம் நடவுக்குப் போனவர். கடைசியாகப் போன வருடம் நாள் கூலி 300. குனிந்த இடுப்பு நிமிராமல் சாயங்காலம் வரை. அதே வேலைக்கு இப்போது ஏக்கருக்கு 5,000 கொடுக்கிறீர்கள். ஆள் கிடைக்கவில்லை என்று எல்லாரும் எழுதுகிறீர்கள், எந்தக் கூலிக்குக் கிடைக்கவில்லை என்று யாரும் எழுதுவதில்லை. உள்ளூர்ப் பெண்கள் வாய் பேசுவார்கள். டீ வரவில்லை என்றால் கேட்பார்கள், முள் குத்தினால் திட்டுவார்கள், கூலி கம்மியென்றால் வரப்பிலேயே உட்கார்ந்து நியாயம் கேட்பார்கள். வாய் பேசாத ஆள் வேண்டும் என்று வெளியூரிலிருந்து கூட்டி வந்தீர்கள். இப்போது பேசவில்லை என்று வருத்தப்படுகிறீர்கள்.

கடைமடை:
அம்மா, நான் வசதிக்காரன் இல்லை, எட்டில் ஐந்து குத்தகை. எங்கள் தெருவில் நடவு தெரிந்தவர்களில் இளையவருக்கு 52 வயது. மகள்கள் எல்லாம் நர்சிங், ஜவுளிக்கடை என்று போய்விட்டார்கள், போகட்டும், நல்லதுதான். ஆனால் நீங்கள் கேட்டதில் ஒரு பாதி எனக்கு உறைக்கிறது. மறுக்கவில்லை.

முன்னாள் ஹவில்தார்:
எதைச் சொன்னாலும் சாதி, கூலி என்று இழுப்பதே இங்கே வேலையாகிவிட்டது. இந்தி தெரிந்தால்

மட்டுறுத்துநர்:
இந்தி வேண்டும், வேண்டாம் சண்டைக்குத் தனி இழை இருக்கிறது, 340 பதிவு தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. மேலே உள்ள பதிவைப் பாதியில் வெட்டியிருக்கிறேன். இங்கே நடவு மட்டும்.

ஹவுரா ரிட்டர்ன்:
ஏழு வருடம் கல்கத்தாவில் இருந்தவன். முதல் பதிவைப் படித்துவிட்டுச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விளக்குகிறேன்.

வங்காளத்தில் 'கால்' என்றால் நேற்று. நாளைக்கும் அதே 'கால்'தான், இந்தியிலும் 'கல்' இப்படித்தான், இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். நீங்கள் 'நாத்து' என்றதை உங்கள் ஆப் 'நேத்து' என்று கேட்டிருக்கிறது. அது 'கால்' ஆகியிருக்கிறது. கையில் நாற்றை வைத்துக்கொண்டு நிற்கிறவனிடம் முதலாளி 'கால் பறி, கால் பறிக்கணும்' என்றால் அவன் எந்தக் காலை எடுத்துக்கொள்வான்? நேற்றைக்கா போய்ப் பறிப்பான்? நாளைக்குப் பறித்தால் போதும் என்று எடுத்துக்கொண்டான். நீங்களே லீவு விட்டிருக்கிறீர்கள்.

'டாக்கா' பங்களாதேஷ் தலைநகரம் இல்லை. ரூபாய்க்கு வங்காளத்தில் டாக்கா என்றுதான் பெயர், கல்கத்தா காய்கறிக் கடையிலும் அப்படித்தான் கேட்பார்கள். தலைநகரத்தின் பெயரில் முதல் எழுத்து வேறு, நம் காதுக்கு இரண்டும் ஒன்றாகக் கேட்கும். அந்தப் பையன் மூன்று நாளாக உங்களிடம் பணத்தைப் பற்றி ஏதோ கேட்டுக்கொண்டிருக்கிறான். தயவுசெய்து ஸ்டேஷனுக்கு யாரும் போக வேண்டாம்.

இன்னொன்று, 'தாதா' என்று கூப்பிட்டால் ரவுடி என்று அர்த்தமில்லை, அண்ணன். தண்ணீருக்கு அவர்கள் ஜோல் என்கிறார்களா பானி என்கிறார்களா?

கடைமடை:
பானி. ஏன்? எங்கள் அப்பாவைத் தாதா என்றுதான் கூப்பிட்டான், அவர் இரண்டு நாளாகச் சாப்பிடாமல் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

ஹவுரா ரிட்டர்ன்:
வங்காள இந்துக்கள் பெரும்பாலும் ஜோல் என்பார்கள், முஸ்லிம்கள் பானி. பெயரைக் கேட்டாலே தெரிந்துவிடும். பெயர் கேட்டீர்களா?

கடைமடை:
கேட்கவில்லை. தம்பி, ஏய், இப்படித்தான். ஆனால் ஒன்று இடிக்கிறது. துர்கா பூஜைக்கு ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும் என்று இவர்கள் பேரைச் சொல்லி ஏஜெண்ட் என்னிடம் 6,000 முன்பணம் வாங்கினாரே.

லயத்துப் பேத்தி:
இரண்டு நாளாக இந்த இழையைப் படிக்கிறேன், இப்போதுதான் எழுதத் தோன்றியது. நான் கூடலூர். தாத்தா பாட்டி 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள். எங்கள் வீட்டில் கதை என்றால் கங்காணி கதைதான்.

அங்கே தேயிலைத் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரைக்குத் தமிழ் தெரியாது, ஆட்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தவன் கங்காணி. ஒரு ஆள் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு நாளைக்கும் அவனுக்குத் தலைக்காசு. கூட்டத்தின் கடனைத் 'துண்டு' என்று ஒரு சீட்டில் எழுதி வைத்திருப்பான், அடுத்த தோட்டம் அந்தத் துண்டில் உள்ள கடனைக் கட்டிவிட்டுக் கூட்டத்தையே எடுத்துக்கொள்ளும். கடன் எவ்வளவு என்று ஆளுக்குத் தெரியாது, கூலி எவ்வளவு கைக்குப் போனது என்று துரைக்குத் தெரியாது. 1921ல் சட்டம் போட்டுத்தான் துண்டை ஒழித்தார்கள். துரைமார்கள் தோட்டத் தமிழ் கற்றுக்கொள்ளக் கையேடெல்லாம் அச்சடித்தார்கள். அதில் 'இங்கே வா', 'சீக்கிரம் போ' மாதிரி ஏவல்தான் நிறைய. உனக்குக் கையில் எவ்வளவு வருகிறது என்று கேட்க எவனும் கற்றுக்கொண்டதாக எங்கள் பாட்டி சொல்லவில்லை.

கடைமடை அண்ணா, உங்களுக்கும் அந்தப் பதினெட்டு பேருக்கும் நடுவில் நிற்பது மொழி இல்லை, உங்கள் ஏஜெண்ட். இரண்டு பக்கமும் பேசத் தெரிந்த ஒரே ஆள் அவர், நீங்கள் இரண்டு பேரும் பேசாமல் இருக்கிற வரைக்கும்தான் அவருக்குப் பிழைப்பு. முதல் நாள் நாலு ஏக்கர் நட்டவர்கள் சாயங்காலம் அவர் வந்து போன பிறகு உட்கார்ந்துவிட்டார்கள் என்று நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். அன்று அவர்கள் கையில் எவ்வளவு விழுந்தது என்று தெரியுமா? ஒப்பந்தக்காரர் கூலி பட்டுவாடா செய்யும்போது முதலாளி தரப்பு ஆள் கூடவே நிற்க வேண்டும் என்று 1979லேயே வெளிமாநிலத் தொழிலாளர் சட்டத்தில் எழுதி வைத்தார்கள். சும்மா எழுதவில்லை.

கடைமடை:
தெரியாது. நான் 20,000 எண்ணிக் கொடுத்தேன். அதோடு என் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

ஹவுரா ரிட்டர்ன்:
தனிமடலில் என் நம்பர் அனுப்பியிருக்கிறேன். நாளைக்கு அவர்கள் எல்லாரும் ஒன்றாக இருக்கும்போது வீடியோ கால் போடுங்கள். ஏஜெண்ட் பக்கத்தில் இருக்கக் கூடாது.

சங்கிலிக்காரர்:
நில அளவையில் 34 வருடம், இப்போது ஓய்வு. பேசப் போகிறவருக்கு ஒரு குறிப்பு. அவர்களிடம் ஏக்கர் என்று பேசாதீர்கள், அவர்களுக்கு ஏக்கர் பழக்கமில்லை. அவர்கள் கணக்கு பிகா. பிகா மாநிலத்துக்கு மாநிலம் மாறும், பீகாருக்குள்ளேயே மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும், ஆனால் மேற்கு வங்காளத்தில் ஒரு பிகா 14,400 சதுர அடி. இருபது கட்டா ஒரு பிகா, கட்டா 720 சதுர அடி.

இப்போது நம் தஞ்சாவூர்க் கணக்கைப் பாருங்கள். 12 அடிக்கு 12 அடி ஒரு குழி, 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா. அதுவும் அதே 14,400! அவர்களுடைய ஒரு பிகா நம்முடைய ஒரு மா, அடி பிசகாமல். ஒரு கட்டா ஐந்து குழி. காவிரிக் கரையிலும் கங்கைக் கரையிலும் நெல் விதைக்கிறவன் ஒரே அளவில் வந்து நின்றிருக்கிறான். சர்வீசில் இருந்தபோதே இதைக் கண்டுபிடித்து வீட்டில் சொன்னேன், யாரும் கண்டுகொள்ளவில்லை.

கடைமடை:
ஐயா நான் கண்டுகொள்கிறேன். எங்கள் அப்பா இன்றைக்கும் மாக்கணக்குதான் பேசுவார். நாலு ஏக்கரைப் பன்னிரண்டு மா என்பார்.

கடைமடை:
சரி, நடந்ததை எழுதுகிறேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலை ஆறரைக்கு மோட்டார் கொட்டகையில் எல்லாரையும் உட்கார வைத்து ஹவுரா அண்ணனுக்கு வீடியோ கால் போட்டேன். அவர் வாயைத் திறந்து வங்காளத்தில் ஒரு வாக்கியம் சொன்னாரோ இல்லையோ பதினெட்டு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். மூன்று நாளாகச் சிரிப்பதைத் தவிர வேறொன்றும் செய்யாதவர்கள். எனக்குப் பயமாகிவிட்டது. அப்புறம் ஒவ்வொருத்தராகப் பேசினார்கள்.

ஏஜெண்ட் அவர்களிடம் சொன்ன ரேட் பிகாவுக்கு 1,200. அது கூடப் பரவாயில்லை என்று வந்திருக்கிறார்கள். முதல் நாள் நட்டது பன்னிரண்டு பிகா இருக்கும் என்று அவர்களுக்குக் கண் கணக்கிலேயே தெரிந்திருக்கிறது, ஏஜெண்ட் 'பத்துதான்' என்று சொல்லி 12,000 கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். வயல்காரன் அளந்தது பத்து, அவன் மோசமானவன், கேட்டால் போலீசைக் கூப்பிடுவான் என்று சொல்லிவிட்டாராம். நான் கொடுத்தது 20,000. நான்தான் இரண்டு பிகாவைத் திருடினவன் என்று நினைத்துத்தான் விரித்து நட்டார்கள். பத்துக்குக் கூலி வாங்கினால் பத்துக்கு உண்டான குத்துதான் விழும் என்று கணக்கு. யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. என் மேல் கோபம் என்பதைத் தவிர வேறு எதுவும் அவர்கள் வேலையில் குறை இல்லை.

அந்த 'டாக்கா' பையனுக்கு வயது பத்தொன்பது. கட்டிட வேலைக்குப் போக இருந்தவன், மாமா கூட்டி வந்திருக்கிறார். அவன்தான் தைரியமாக என்னிடமே கேட்டுவிடலாம் என்று மூன்று நாளாக முயற்சி செய்திருக்கிறான்.

அப்பா ஒன்று செய்தார், நான் எதிர்பார்க்கவில்லை. மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு வந்தார், பழைய பன்னிரண்டடிக் கோல், பரணில் கிடந்தது. மாமாக்காரரைக் கூட்டிக்கொண்டு நட்ட வயலை வரப்போடு அளந்தார். இவர் ஒரு பக்கம் 'ஒன்னு, ரெண்டு' என்கிறார், அவர் இன்னொரு பக்கம் 'ஏக், துய், தீன்' என்கிறார். கடைசியில் இரண்டு பேரும் ஒரே இடத்தில் நின்றார்கள். அவர் வரப்பு மண்ணில் குச்சியால் 12 என்று அவர்கள் எழுத்தில் எழுதினார், அப்பா பக்கத்தில் நம் எழுத்தில் எழுதினார். இரண்டும் ஒரு ஜாடையாகவே இல்லை, ஆனால் இரண்டு பேருக்கும் சந்தேகம் தீர்ந்துவிட்டது.

மீதிப் பணத்துக்கு நான் இன்னொரு 8,000 கொடுக்க முடியாது, என்னிடம் இல்லை. ஹவுரா அண்ணன் மூலமாக அதையும் சொன்னேன். இனிமேல் நடுகிற வயலுக்கு முழு 5,000 நேராக அவர்கள் கையில், தினமும் சாயங்காலம், எல்லாரும் பார்க்க. பழைய பாக்கியை ஏஜெண்டிடம் இரண்டு பேரும் சேர்ந்து கேட்பது என்று முடிவு. 'பாக்கி' என்ற வார்த்தைக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை, நான் சொன்னவுடன் எல்லாரும் தலையாட்டினார்கள்.

முட்டைக்காரர்:
பாக்கி, தயார், சாவி, மேஸ்திரி, ஜன்னல், இதெல்லாம் அங்கேயும் ஏறக்குறைய அப்படியேதான். பாதி பாரசீகம், பாதி போர்ச்சுகீசியக்காரன் விட்டுப் போனது. முதல் வாரத்தை நான் இந்த வார்த்தைகளை வைத்தே ஓட்டிவிடுவேன்.

பாக்கி பற்றி ஒன்று. மஞ்சள் காடு படிக்கட்டும். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வடமாநில ஆட்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ சுற்றியது நினைவிருக்கிறதா? பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஹோலி வேறு அந்த வாரம். என் பண்ணையில் பதினோரு பேர் ஒரே ராத்திரியில் மூட்டை கட்டிவிட்டார்கள். அது பொய் என்று சொல்ல எனக்கு வார்த்தை இல்லை, அவர்கள் கையில் போன் இருக்கிறது, அதில் ரத்தம் ஓடுகிறது, நான் சொல்வதை ஏன் நம்ப வேண்டும்? கோழிக்குத் தீனி போட ஆளில்லாமல் போகும் என்று தெரிந்தும் பாக்கி முழுவதையும் எண்ணிக் கொடுத்து, என் வண்டியிலேயே சேலம் ஸ்டேஷனில் இறக்கிவிட்டேன். மனைவி திட்டினாள். நாற்பது நாளில் எட்டு பேர் திரும்பி வந்தார்கள், அதில் ஒருத்தன் தங்கையையும் கணவனையும் கூட்டிக்கொண்டு. கால் பங்கை நிறுத்தி வைத்த பக்கத்துப் பண்ணைக்கு ஒருத்தரும் திரும்பவில்லை.

மஞ்சள் காடு:
உங்களுக்கு நடந்தது உங்களுக்கு. எனக்கு 40,000 போனது போனதுதான். ஆதாரை வேண்டுமானால் நகல் எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறேன், அதற்கு மேல் இறங்க மாட்டேன்.

கடைமடை:
மூன்றாம் நாள் அறிக்கை. இரண்டே முக்கால் ஏக்கர் முடிந்தது. முடிச்சுக் கயிறு முதல் ஐந்து வரிசைக்குத்தான் தேவைப்பட்டது, அப்புறம் மாமாக்காரர் கயிற்றைச் சுருட்டி என் தோளில் போட்டுவிட்டுக் கையைக் காட்டினார், நகரு என்று. குச்சி நட்டு எண்ணினேன், 34, 32, 35. விரித்து நட்டிருந்த அரை ஏக்கரில் இடைநடவு செய்து கொடுத்தார்கள், நான் கேட்கவில்லை.

ஒரு குறை. அந்தப் பையன் தமிழ் கற்றுக்கொள்கிறான். இன்று மத்தியானம் எங்கள் அப்பாவைப் பார்த்து, 'டேய், சோறு எடுத்துட்டு வாடா' என்றான். அப்பா உறைந்துபோனார். பையன் முகத்தில் கள்ளமே இல்லை, சந்தோஷமாகச் சிரிக்கிறான்.

நடவுக்காரி மகள்:
அவன் அந்தத் தமிழை எங்கே கேட்டிருப்பான் என்று யோசித்தீர்களா?

கடைமடை:
யோசித்தேன். என் தமிழ்தான் அது, உச்சரிப்பு உட்பட. இப்போது அவர்களை 'வாங்க தம்பி, எடுங்க தம்பி' என்று கூப்பிடப் பழகுகிறேன், என் வாய்க்கு வரவில்லை, டிராக்டர்காரர் சிரிக்கிறார். பதினெட்டு பேர் பெயரையும் ஹவுரா அண்ணன் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், எட்டு மனப்பாடம் ஆகிவிட்டது. அந்தத் துர்கா பூஜை முன்பணத்தைக் கேட்டதும் அவர்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பதினெட்டு பேரும் முஸ்லிம்கள், முர்ஷிதாபாத் மாவட்டம்.

சாப்பாடு பற்றி யாரும் எழுதவில்லை, நானே சொல்கிறேன். பிரியாணி வேண்டாம் என்றார்கள். புழுங்கலரிசியும் உருளைக்கிழங்கும் கடுகெண்ணெயும் இருந்தால் போதும், சமைத்துக்கொள்வார்கள். கடுகெண்ணெய் எங்கள் ஊர் மளிகையில் இல்லை, மன்னார்குடியில் ஒரு கடையில் கிடைத்தது. இரண்டு லிட்டர் பாட்டிலை வண்டியிலிருந்து எடுத்தபோது அவர்கள் போட்ட சத்தத்தை நான் ஏக்கருக்கு 500 கூட்டிக் கொடுத்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

லயத்துப் பேத்தி:
ஏஜெண்ட் என்ன சொன்னார்?

கடைமடை:
போனை எடுக்கவில்லை. நேற்று வேறு நம்பரிலிருந்து பேசினார், அடுத்த வருடம் உனக்கு ஒரு ஆள் வராது, பார்த்துக்கொள் என்றார். மாமாக்காரர் தன் நம்பரை என் நோட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார், ஆனால் அவரும் பயப்படுகிறார், ஊரில் அந்த ஏஜெண்டுக்குக் கடன் பாக்கி இருக்கிறதாம் பாதி பேருக்கு. நீங்கள் சொன்ன துண்டு மாதிரிதான். அதை எப்படி அவிழ்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நடவுக்காரி மகளுக்கு: களையெடுப்புக்கு எங்கள் தெருப் பெண்களைத்தான் கேட்டிருக்கிறேன். நாள் கூலி பேசவில்லை, மாக்கணக்கில் பேசினேன். அவர்கள் கேட்டதில் ஐம்பது ரூபாய்தான் குறைத்தேன். குறைத்திருக்க வேண்டாமோ என்று இப்போது தோன்றுகிறது.

நடவுக்காரி மகள்:
தோன்றினால் கொடுத்துவிடுங்கள், ஐம்பது ரூபாய்தானே.

வாய்மடை:
புது உறுப்பினர். நீடாமங்கலம் பக்கம் ஆறு ஏக்கர் நடவு பாக்கி, நாற்று முற்றிக்கொண்டிருக்கிறது. கடைமடை சார், அந்தக் குழு நம்பர் கிடைக்குமா? அவசரம்.

கடைமடை:
அவர்களிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன், கேட்காமல் கொடுக்க மாட்டேன். உங்கள் ஆறு ஏக்கர் எத்தனை மா என்று அதற்குள் அளந்து வையுங்கள்.